பழைய எழுத்துருவில் ஒரு கோப்பு

2024 ஜூலை 8, திங்கட்கிழமை, அரூரில் மூன்றாவது கணினி மையத்திலும் பென் டிரைவில் இருந்த அந்தக் கோப்பு ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகவே திறந்தது.

“பழைய ஃபான்ட்டுங்க்கா. இன்னும் நாலு கடை ஏறி எறங்குனாலும் இதேதான்,” என்றாள் மையம் நடத்தும் தேவிப்பிரியா.

கோப்பின் பெயர் ‘பாரதி’. இறந்துபோன கணவர் மாரப்பன் தனக்கு ஏதோ எழுதி வைத்திருப்பதாகப் பாரதி நம்பினார். இருவருமே தமிழ்த் தட்டச்சர்கள். பாரதி திரையில் தெரிந்த ஒவ்வோர் ஆங்கில எழுத்தையும் அதன் விசை இருக்கும் இடம் பார்த்து வெறும் மேசையில் தட்டினார். எந்த விசைக்கு எந்தத் தமிழெழுத்து என்பது விரல்களுக்குத் தெரிந்திருந்தது.

“என்னங்க்கா போட்டிருக்காரு?”

“இரும்மா.”

2004இல் பாரதிக்காக மாரப்பன் அடித்துக்கொடுத்த விடுப்பு விண்ணப்பம் அது. பாரதி பென் டிரைவை வாங்கிக்கொண்டு கம்பைநல்லூர் பேருந்தில் ஏறினார்.