ரூபிக்குத்தான் கொழுப்பு

ஞானதுரையின் தொந்தியைக் கேலி செய்யாமல் ரூபிக்கு ஒரு நாளும் பொழுது போகாது. அறுபது தாண்டியும் அவள் முருங்கைக்காய் மாதிரி ஒல்லியாக இருந்தாள். புருஷனுக்குக் கட்டாயம் கொலஸ்ட்ரால் ஏறியிருக்கும் என்று தென்காசிக்கு இரத்தப் பரிசோதனைக்கு இழுத்துப் போனவள், துணைக்குத் தன் கையையும் நீட்டினாள்.

மறுநாள் டாக்டரம்மா முடிவுகளைப் பார்த்துவிட்டு, "ஐயாவுக்கு ஒண்ணும் இல்ல. உங்களுக்குத்தாம்மா கொலஸ்ட்ரால் ரொம்பக் கூடுதல்," என்றார்.

"எனக்கா? ரத்தத்த மாத்தி வச்சிருப்பாங்க," என்றாள் ரூபி.

"ஒல்லியா இருக்கவங்களுக்கும் வரும்மா. தினம் மாத்திரை போடணும், நடக்கணும், எண்ணெய்ப் பலகாரத்தக் குறைக்கணும்."

ஆட்டோவில் ஏறியதும் ஞானதுரை, "ஏட்டி, ஒனக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு கல்யாணமான நாள்ல இருந்து நான் சொல்லுதேன். இப்பதான் லேப்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றார். ஆட்டோக்காரரும் சிரித்தது ரூபிக்குக் கூடுதல் எரிச்சல்.

அன்றிலிருந்து மாலையில் இருவரும் குற்றாலம் சாலையில் நடந்தார்கள். நேந்திரம் சிப்ஸ் பொரிக்கிற கடை வந்தால் ரூபியின் கால் தானாக நின்றுவிடும். "மோந்து பாக்கதுக்கு டாக்டரம்மா ஒண்ணும் சொல்லல. நல்லா மோந்துக்கோ," என்று அவரும் கூடவே நிற்பார்.

சாரல் பருவம் முடிகிற சமயம் மறுபடி பரிசோதித்தபோது அளவு நன்றாக இறங்கியிருந்தது. "அப்போ மாத்திரைய நிறுத்திரலாம்லா?" என்று கேட்டாள் ரூபி.

"மாத்திரையும் நடையும் சேர்ந்துதாம்மா இறக்கியிருக்கு. விட்டா ஏறிரும்," என்றார் டாக்டரம்மா.

அன்று இரவு சாப்பாடு முடிந்ததும் ஞானதுரை சிரித்தபடி மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து நீட்டினார்.

"இவ்வளவு சந்தோசமா நீங்க எனக்கு எதுவும் தந்ததே இல்ல," என்று சொல்லி, ரூபி அதை வாங்கி விழுங்கினாள்.