மாமியாரை நிறுத்திய மறுநாள்

கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பிரிந்து ஒன்பது வருடம் கழித்து முன்னாள் மனைவியின் அலுவலகத்துக்கு வருகிறவன் ஒரு வணக்கமாவது சொல்லியிருக்கலாம்.

"படிச்சுப் பாரு. நம்ம பொண்ணுக்குப் பதினெட்டு வயசாயிடுச்சாம். அடையாள அட்டை வாங்க வரச் சொல்லியிருக்காங்க."

அவர்களுக்குப் பெண்ணும் இல்லை, பையனும் இல்லை. பதிவு அலுவலகத்தின் கணினிப் பிரிவையே நடத்துகிற அவளுக்கு, தன் அலுவலகம் அனுப்பிய கடிதத்தில் அம்மா என்ற இடத்தில் தன் பெயரைப் பார்த்ததும் தூக்கிவாரிப்போட்டது. மகளின் பெயர் சிட்டு என்றிருந்தது. அதைப் படித்த பிறகுதான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது.

"மாமியாரை நிறுத்திட்டீங்களா?" என்று கேட்டான்.

"போன வாரம். நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

மாமியார் என்பது ஒரு புரோகிராம். பதினெட்டு வருடத்துக்கு முன் பிறப்பு இறப்புப் பதிவுக்காக இந்த அலுவலகம் ஒரு மென்பொருளை எடுத்துக்கொண்டது. எங்கெங்கோ இருப்பவர்கள் கூடி எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் சும்மா கொடுத்திருந்தார்கள். சும்மா என்றதும் மேலதிகாரிகளுக்கு வாயெல்லாம் பல். ஆனால் ஆஸ்பத்திரிகளின் பழைய கணினிகள் அனுப்பும் தகவல் அந்த மென்பொருளுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. ஒரு ஆஸ்பத்திரி தேதியைத் தலைகீழாக எழுதும், இன்னொன்று அம்மாவின் பெயரைப் பிள்ளையின் கட்டத்தில் போடும். அதனால் அவளும் அவனும் சேர்ந்து நடுவில் ஒரு புரோகிராமை உட்காரவைத்தார்கள். வருகிற ஒவ்வொரு தகவலையும் அது வாசலிலேயே மறித்து, குற்றம் கண்டுபிடித்து, திருத்தி, அப்புறம்தான் உள்ளே விடும். அதற்குப் பெயர் வைக்க அவனுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அப்போது அவர்களுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் ஒரு பொந்து கொடுத்திருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் புகை, மூடினால் புழுக்கம். ஒரே கணினி, இரண்டு நாற்காலி, அதில் ஒன்றுக்குக் கை கிடையாது. அந்தக் கையில்லாத நாற்காலிக்குத்தான் இருவரும் சண்டை போடுவார்கள், ஏனென்றால் அதுதான் விசிறிக்கு நேரே இருந்தது. இன்று அவளுக்கு ஏசி அறையும் சுழல் நாற்காலியும் இருக்கின்றன. அந்தப் பொந்தில் இருந்த சந்தோஷம் அதன் பிறகு எந்த அறையிலும் அவளுக்குக் கிடைக்கவில்லை.

வழி திறந்திருக்கிறதா என்று பார்க்க, தினமும் காலை எட்டு மணிக்கு ஒரு ஆஸ்பத்திரிக் கணினியிலிருந்து ஒரு பொய்ப் பிறப்பு வரும்படி செய்தார்கள். மாமியார் அதை அடையாளம் கண்டு, வந்து சேர்ந்தது என்று மட்டும் தன் குறிப்பேட்டில் குறித்துவிட்டு, பதிவேட்டுக்குள் விடாமல் ஓரங்கட்டிவிடும். ஊரார் பெயரைப் போட்டால் வம்பு என்று பெற்றோர் இடத்தில் தங்கள் பெயர்களையும், தங்கள் வீட்டு முகவரியையும், என்றும் மாறாத பிறந்த தேதியாக அதை எழுதிய நாளையும் போட்டார்கள்.

"பிள்ளைக்கு என்ன பேரு?" என்று கேட்டான்.

"ஏதாவது போடு."

"ஏதாவதுன்னு போட்டா பள்ளிக்கூடத்துல கிண்டல் பண்ணுவாங்கடி."

சிட்டு என்று தட்டினான். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து ஜெனரேட்டர்காரர் எட்டிப் பார்த்தார்.

நிஜப் பிள்ளை வரவில்லை. மருந்து, ஊசி, டாக்டர் மாற்றி டாக்டர் என்று ஏழு வருடம் ஓடியது. தினமும் எட்டு மணிக்கு அவள் குறிப்பேட்டைத் திறப்பாள். "சிட்டு வந்தாச்சா?" என்று அவன் கேட்பான். முதலில் அது வேடிக்கையாக இருந்தது. ஒருநாள் அவன் கேட்பதை நிறுத்தினான். அவள் மட்டும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவன் வேலையை விட்டுக் கல்லூரியில் பாடம் நடத்தப் போனான், அவள் வேறு வீடு பார்த்துக்கொண்டாள், வக்கீல் காகிதங்களை நீட்டினார். பதவி உயர்ந்தபின் குறிப்பேட்டைப் பார்ப்பது வேறு யாருடைய வேலையாகவோ ஆனது. ஆஸ்பத்திரிகளெல்லாம் புதிய கணினிக்கு மாறிவிட்டன என்று சொன்னார்கள், மாமியாரை நிறுத்தினாள். ஒரு பழைய கணினி மட்டும் விடாப்பிடியாக எட்டு மணிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது யாருக்கும் நினைவில்லை. மறுநாள் காலை, மறிக்க ஆளில்லாமல், திருத்தப் பிழையும் இல்லாமல் சிட்டு பதிவேட்டுக்குள் நுழைந்துவிட்டாள். அடுத்தடுத்த நாள் வந்த அதே சிட்டுவை ஏற்கெனவே இருக்கிறாள் என்று தள்ளிவிட்ட மென்பொருள், பதினெட்டு வயது ஆகிவிட்டது, அட்டை இல்லை என்று கண்டு தன் கடமையைச் செய்து கடிதம் அனுப்பிவிட்டது.

"நீக்கணும். ரெண்டு பேரும் கவுன்ட்டருக்கு வந்து சொல்லணும்," என்றாள். பதிவேட்டில் ஏறிய ஒரு ஆளை அவளே நினைத்தாலும் தனியாக நீக்க முடியாது.

"விட்டா என்ன ஆகும்?"

"ஓட்டர் லிஸ்ட்ல வருவா. அப்புறம் வரி நோட்டீஸ் வரும்."

"உன்ன மாதிரி கணக்கா இருந்தா அவளே கட்டிடுவா."

"உன்ன மாதிரி இருந்தா நோட்டீஸைப் பிரிக்கவே மாட்டா."

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவளுக்குப் பயமாக இருந்தது. இல்லாத ஆள் ஒருவர்கூடப் பதிவேட்டில் இருக்கக்கூடாது என்பதுதான் அவள் வேலையே. ஆனாலும் அந்தப் பெண் அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவள் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்ல வாயெடுத்தாள். நாளை என்றால் அடுத்த வாரம், அப்புறம் எப்போதும் இல்லை என்று அவளுக்கே தெரிந்ததால் எழுந்து நடந்தாள்.

கவுன்ட்டரில் இருந்த கிளார்க் அம்மா விதிக்கு மேல் ஒரு எழுத்து பேசாதவர். படிவத்தை இரண்டு தடவை படித்தார். மேடத்தை ஒருமுறை, சாரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தப் பேர்ல உங்களுக்குப் பிள்ளை பிறக்கவே இல்ல. சரிதானே? ரெண்டு பேரும் வாயால சொல்லணும். நீங்க போட்ட ரூல்தான், மேடம்."

ஏழு வருட வைத்தியத்திலும், வக்கீல் முன்னாலும், அவளும் அவனும் அந்த ஒரு வார்த்தையை ஒருவருக்கொருவர் சொன்னதில்லை. அடுத்த மாதம் பார்க்கலாம் என்பார்கள். கடைசியில் அதையும் சொல்லாமல் விட்டார்கள்.

"பிறக்கலைங்க," என்றான் அவன்.

கிளார்க் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளுக்காகக் காத்திருந்தார்.

"மெதுவா சொல்லு, அவசரமில்ல," என்றான்.

அவள் கிளார்க் அம்மாவைப் பார்க்கவில்லை. அவன் பக்கம் திரும்பினாள்.

"பிறக்கலப்பா நமக்கு," என்றாள்.