முந்நூற்றுப் பன்னிரண்டாவது கல்

ஒன்பது நாள், ஆறு மணி நேரம். முந்நூற்றுப் பதினொரு கல். ஒரு பல்லிகூட இல்லை.

கிஸ்லான் கடைசிக் கல்லுக்கடியில் விட்ட கடப்பாரையை உருவினாள். கையுறையின் விரல்நுனி கிழிந்து, அங்கே தோல் வெடித்திருந்தது. வசந்தத்தில் இதே சரிவில் நாற்பத்தாறு மலைப்பல்லிகளை எண்ணியவள் அவள். அட்லஸ் மலையின் குளிருக்கு அவை எங்கும் ஓடிப்போவதில்லை. பெரிய கல்லாகப் பார்த்து, அடியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உறங்கும். அந்த இடத்தைக் கண்டுபிடித்து எழுத வேண்டும். நாளை காலை அவளைத் திரும்ப அழைத்துப்போக வண்டி வருகிறது. கணக்கெடுப்பு அறிக்கையில் இந்தச் சரிவுக்கு நேரே பூஜ்ஜியம் என்று எழுதினால் சரிவு கல்குவாரிக்குப் போய்விடும்.

"என்னடி, இருக்கா?" என்றாள் இத்தோ. கிஸ்லான் தங்கியிருந்தது அவள் வீட்டில். வழி காட்டவும் கல்லின் மறுமுனையைப் பிடிக்கவும் கூடவே வருவாள்.

"வண்டுதான்."

"வண்டை எழுதிக்கோ. அதுவும் தூங்கத்தானே செய்யுது."

கிஸ்லான் சிரிக்கவில்லை. கல்லை இருந்தபடியே இறக்கினார்கள்.

"மராகெஷ் பட்டணத்துல உனக்கு வேற வேலையே கெடைக்கலையா? எங்க ஆடுகூட புல் இல்லாத எடத்த ரெண்டாந்தடவ மோந்து பார்க்காது."

"அந்தப் பாறைக்குப் பின்னாடி ஒரு தடவ பார்த்துடலாம்க்கா."

"அங்க ஒண்ணும் இல்ல. காத்து ஆளையே தூக்கும்."

ஒன்பது நாளும் இத்தோ இதையேதான் சொன்னாள். ஒன்பது நாளும் கிஸ்லான் தலையாட்டினாள். எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. இன்று பதில் சொல்லாமல் ஏறினாள்.

பாறைக்குப் பின்னால், தெற்கு வெயில் விழும் இடத்தில், தட்டையாக ஒரு கல். அதன் மேல்பக்கம் வெறும் மண்கறை. தூக்கினாள். வெயில் பட்டு வளர வேண்டிய கற்பாசி அடியில் நசுங்கிக் கிடந்தது. குழியில் நிறைய எச்சம், அறுந்த வால் ஒன்று.

யாரோ தூக்கியிருக்கிறார்கள். தலைகீழாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

இத்தோ மூச்சிரைக்க வந்து நின்றாள். குழியைப் பார்க்கவில்லை.

"யாருக்கா எடுத்தது?"

இத்தோ காலால் மண்ணைக் கிளறினாள்.

"கேக்கறேன்ல! குவாரி வந்தா உங்க வீட்டுக்காரருக்கு வேலை கெடைக்கும்னு எடுத்து எறிஞ்சிட்டீங்களா?"

தன் குரல் இவ்வளவு உரக்க வரும் என்று கிஸ்லானுக்கே தெரியாது.

"குவாரியாவது மண்ணாவது." இத்தோ அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "நீ வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடி சுள்ளி பொறுக்க வந்தேன். கால் பட்டுக் கல்லு பெரண்டுது. பத்தொம்பது இருந்துச்சு. எல்லாம் கட்டையாக் கெடக்கு."

"தூங்கிட்டு இருந்துச்சுக்கா."

"எனக்கு என்ன தெரியும்? நீ வந்த அன்னிக்குத்தானே சொன்னே, குளிர்காலத்துல எழுப்பினா பொழைக்காதுன்னு. அதுக்கப்புறம் எந்த வாயால சொல்றது?"

"என்ன பண்ணீங்க?"

இத்தோ முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"வெறைச்சுப் போன ஆட்டுக்குட்டிய என்ன பண்ணுவோம்? கல்லக் குழி மேல தள்ளிட்டு, மடியில கட்டிட்டுப் போயி அடுப்புப் பக்கத்துல விட்டேன். எழுந்து செவுரெல்லாம் ஓடுச்சுங்க. பிள்ளைங்க கைதட்டிச் சிரிச்சுது. விடியறப்ப அடுப்பு அணைஞ்சிருந்துது. பத்தொம்பதும் தரையில செத்துக் கெடந்துச்சுடி."