இரும்புப்பெட்டிக்குள் அடித்த போன்

என் பூட்டு ரிப்பேர்க் கடையின் கல்லாவில் நான் கணக்கே பார்த்ததில்லை. வீட்டுக்கு கேஸ், எனக்கு டீ, மச்சானுக்குக் கைமாத்து, எல்லாம் அதிலிருந்துதான். மாதக் கடைசியில் துடைத்து வைத்ததுபோல் கிடக்கும். தொழிலில் லாபமே இல்லை என்று புலம்புவேன்.

மருமகள் வந்தாள். கடைக்கென்று தனி வங்கிக் கணக்கு, வருகிறவர்கள் போனிலேயே பணம் அனுப்ப வாசலில் ஒரு ஸ்டிக்கர்.

"மாமா, இது கடைக் காசு. உங்க சம்பளத்தை மட்டும் மாசாமாசம் எடுங்க."

"என் கடையில எனக்கே சம்பளமா?"

"பின்ன, உங்க மச்சானுக்கா?"

அன்று முதல் சம்பளம் மட்டும் எடுத்தேன். வருஷம் திரும்புவதற்குள் சாவி வெட்டும் புது மெஷினுக்குப் பணம் சேர்ந்துவிட்டது. பழைய மெஷின் வெட்டும் சாவியில் பாதி, திட்டோடு திரும்பி வந்துகொண்டிருந்தது.

ஆனாலும் அத்தனை பணமும் ஒரு போனுக்குள் என்றால் எப்படித் தூக்கம் வரும்? எவனாவது லவட்டிக்கொண்டு போனால்? போனை இரும்புப்பெட்டியில் வைத்துப் பூட்டுவதே வழக்கமாயிற்று.

மெஷினுக்குப் பணம் அனுப்பவேண்டிய அன்று, பெட்டியைச் சாத்திய பிறகுதான் உறைத்தது. சாவியும் உள்ளே! சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் பூட்டு. எந்தத் திருடனுக்கும் திறக்காது என்று நானே செய்து பீற்றிக்கொண்டது. மாற்றுச்சாவி கிடையாது. நம்பிக் கொடுக்க ஆள் வேண்டாமா?

பெட்டிக்குள் போன் அடித்து ஓய்ந்தது. அடுத்து, பக்கத்தில் நின்ற மருமகளின் போன் அடித்தது. மெஷின்காரர்தான்.

"இருக்கிறது ஒரே மெஷின். இன்னொருத்தர் காசோட நிக்கிறாரு. மதியத்துக்குள்ள வரலன்னா அவருக்குத்தான்."

எதிர்க்கடை சைக்கிள்காரன் இளித்துக்கொண்டு வந்தான். "என்னண்ணே, ஊருக்கே பூட்டுத் திறக்கிறவரு சொந்தப் பெட்டி முன்னால உக்காந்துட்டீங்க?"

"போய் உன் டியூபுக்குக் காத்தடி."

கம்பியை விட்டு நெம்பினேன். அசையவில்லை. என் வேலையாச்சே, அசையுமா! பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

"டிரில் போட்டுருங்க மாமா."

"என் பூட்டையா?"

"பூட்டு வேணுமா, மெஷின் வேணுமா?"

பல்லைக் கடித்துக்கொண்டு டிரில்லை வைத்தேன். சைக்கிள்காரன் கைதட்டினான், கடன்காரன். பெட்டி திறந்தது. போனை எடுத்து ரகசிய எண்ணைத் தட்டும்போது மட்டும் இரண்டு பேரையும் திரும்பி நிற்கச் சொன்னேன். பணம் போய்ச் சேர்ந்தது.

மாலையில் மெஷின் வந்து இறங்கியது. பெட்டிக்கு வேறு பூட்டு மாட்டி, முதல் வேலையாக அதற்கு மாற்றுச்சாவி வெட்டி மருமகளிடம் நீட்டினேன்.

"உன் புருஷன்கிட்ட சொல்லிடாதம்மா."

"அவரு உங்க மகன், மாமா!"

"அதனாலதான் சொல்றேன்."