கடைசி வரியில் கதவுப் பிரிவு

சுவரில் அந்தப் பெரிய திரையை மாட்டிய நாள்முதல், அக்கா காலையில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் அலுவலகத்துக்குள் நுழைந்தாள்.

லிஃப்ட் பழுது பார்க்கும் அந்த நிறுவனத்தில் எல்லாருமே அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். உடன்பிறந்த உரிமையோடு கூப்பிட்டவன் ஒருவன்தான். அந்தத் தம்பி முன்னறையில் அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டான். அக்கா பின்னறையில் பட்டறையைப் பார்த்துக்கொண்டாள். இருவரும் சேர்ந்து ஆரம்பித்த தொழில். புதிதாக இரண்டு ஊர்களில் கிளை திறக்க வேண்டும் என்ற ஆசையில் தம்பி ஏதோ ஒரு பயிற்சி வகுப்புக்குப் போனான். வளர வேண்டுமென்றால் முதலில் அளக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு திரும்பி வந்தான்.

அக்காவுக்கு அதில் மறுப்பே இல்லை. அளந்து பார்க்காமல் அவள் ஒரு திருகைக்கூட வாங்கியதில்லை. தம்பி எதை அளக்கிறான் என்று தெரிந்தபோதுதான் அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

அவன் அளந்தது போன் அழைப்புகளை. எங்காவது ஒரு லிஃப்ட் நின்றால் போன் வரும். அந்தப் பகுதிக் குழு ஓடிப்போய்ச் சரிசெய்யும். சரிசெய்ததும் திரையில் அந்தக் குழுவின் பெயருக்கு நேரே ஓர் எண் கூடும். அதிகம் கூடியவர்கள் மேலே, குறைந்தவர்கள் கீழே. கடைசி வரி மட்டும் சிவப்பில். தினமும் எல்லாரும் திரைக்கு முன்னால் நின்று முதல் வரிக்குக் கைதட்ட வேண்டும்.

முதல் வரி எப்போதும் சூறாவளிதான். மோட்டார் சைக்கிளில் அவன் பறக்கிற பறப்புக்கு வைத்த பெயர் அது. கடைசி வரி எப்போதும் கதவுப் பிரிவு, அதாவது அக்காவும் ஒல்லியும். ஒல்லி இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். ஆனாலும் ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. திரை வந்த பிறகு மற்ற மெக்கானிக்குகள் அவனுக்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். "என்ன லீவு, இன்னைக்கும் லீவா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள்.

அன்று கைதட்டு முடிந்ததும் தம்பி அக்காவைத் தனியே அழைத்தான்.

"அக்கா, கோபப்படாம கேளு. பின்னறை மேசையை இந்த வாரத்தோட காலி பண்ணிடு. போன் எடுக்க ரெண்டு பேரைப் புதுசா வேலைக்கு வெச்சிருக்கேன். உட்கார இடம் வேணும்."

"போன் எடுக்கவா? போனே வராம இருக்கத்தானடா நான் அந்த மேசையில மண்டையை உடைச்சுக்கிறேன்?"

"அதான் பார்த்தோமே. உன் பிரஷ் போட்ட கட்டடத்துலயே ஒரு வாரமா லிஃப்ட் நிக்குது. நீதானே சொன்னே, ஓடலைன்னா நானே மேசையைத் தூக்கிடறேன்னு?"

சொல்லியிருந்தாள். எல்லார் முன்னாலும் மார்தட்டித்தான் சொல்லியிருந்தாள்.

அந்தப் பிரஷ் என்னவென்று தெரிய, லிஃப்ட் கதவு எப்படித் திறக்கிறது என்று தெரிய வேண்டும். நாம் மாடியில் நின்று பார்க்கிற கதவுக்கு மோட்டாரே கிடையாது. மோட்டார் இருப்பது உள்ளே வருகிற கூண்டின் கதவுக்கு மட்டும்தான். கூண்டு வந்து நின்றதும், அதன் கதவிலிருக்கும் ஒரு பட்டை மாடிக்கதவின் பூட்டைப் பிடித்துக்கொள்கிறது. பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துப்போகிற அம்மாவைப்போலத் தன்னோடு சேர்த்துத் திறக்கிறது. அந்தக் கதவு மேலே சக்கரத்தில் தொங்குகிறது. அடியில், வாசல்படியிலிருக்கும் ஒரு குறுகிய தடத்தில் வழுக்கிக்கொண்டு போகிறது. எல்லா மாடிக் கதவுகளின் பூட்டுகளும் ஒரே மின்கம்பியில் கோர்க்கப்பட்டிருக்கின்றன. ஒரு கதவு நூலளவு மூடாமல் நின்றாலும் கம்பியில் மின்சாரம் அறுந்துபோகும், லிஃப்ட் நகராது. யாரும் வெறும் குழியில் விழுந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அழகான ஏற்பாடுதான். ஆனால் மூன்றாவது மாடித் தடத்தில் ஒரு சட்டைப் பொத்தான் விழுந்தால், மொத்தக் கட்டடமும் படியேற வேண்டியதுதான்.

அக்கா செய்தது இவ்வளவுதான்: கதவின் அடியில் வழுக்கிப்போகும் கட்டையின் இரு முனையிலும் விரல்நகம் அளவுக்கு ஒரு பிரஷ், தடத்தின் கோடியில் ஒரு துளை. கதவு திறக்கும்போதும் மூடும்போதும் அதுவே கூட்டிப் பெருக்கி, குப்பையைத் துளை வழியாகக் கீழே தள்ளிவிடும். எந்த மயிர் சீக்கிரம் தேயும், எது தடத்தைக் கீறும் என்று பார்த்துப் பார்த்து, பன்றிமயிரிலிருந்து நைலானுக்கு வந்து சேர்வதற்குள் அவளுக்குத் தலைமயிர் நரைத்துவிட்டது. ஆறு கட்டடங்களில் போட்டுப் பார்த்தாள். அங்கிருந்து போன் வருவது நின்றே போனது. அதனால்தான் கடைசி வரி.

"ஓடாத பிரஷ்ஷா அது? போய்ப் பார்த்துட்டு வந்து பேசறேன்" என்று பையைத் தூக்கினாள். "டேய் ஒல்லி, கிளம்பு."

லிஃப்ட் நின்றிருந்த கட்டடங்களில் பக்கத்திலிருந்த ஒன்றுக்குப் போனார்கள்.

ஆறாவது மாடி வரை நடந்தே ஏறினார்கள். நான்காவது மாடியில், இரண்டு கையிலும் பைகளோடு மூச்சுவாங்க நின்றிருந்த ஒரு பெண்மணி வழிமறித்தாள்.

"வந்தீங்களா மகராசி! உங்க புண்ணியத்துல என் முட்டி கழண்டு கையில வந்திடுச்சு. அதையும் சேர்த்துச் சரிபண்ணிக் குடுங்க."

"பார்த்துடறேம்மா."

"பார்க்காதீங்க. சரி பண்ணுங்க."

அக்கா சாவியால் மேல்மாடிக் கதவைத் திறந்து, மண்டியிட்டு, அடியில் விரலை விட்டுத் தடவினாள். மணல் நெருடியது. ஒரு தலைமுடிக் கிளிப் தட்டுப்பட்டது. பிரஷ் இல்லை.

தேய்ந்துபோகவில்லை, பிய்ந்து விழவில்லை. யாரோ சாவதானமாகக் கழற்றி எடுத்திருக்கிறார்கள். அடுத்த மாடியிலும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. மறுபடி ஆறாவது மாடிக்கே ஏறி வந்தாள்.

அக்காவின் சந்தேகம் ஒருவன்மேல்தான் போனது. போனை எடுத்துச் சூறாவளியை அழைத்தாள்.

"ஏன்டா, முதல் வரி போதாதுன்னு என் வயித்துல வேற அடிக்கணுமா உனக்கு? என் பிரஷ்ஷை எதுக்குடா கழட்டினே?"

"அக்கா, அக்கா, மூச்சு விட்டுட்டுப் பேசுங்க. நான் அந்தத் தெருப்பக்கமே வரலை."

"உன்னை விட்டா யாருடா இந்த வேலையைப் பார்ப்பான்?"

"திருகுல பொட்டு இருக்குதான்னு பாருங்க. மஞ்சளா இருந்தா நாளைக்கு என்னைச் செருப்பால அடிங்க."

அந்த நிறுவனத்தில் ஒரு வழக்கம் உண்டு. திருகை இறுக்கியதும் அதன் தலைக்கும் தகட்டுக்கும் சேர்த்து ஒரு சொட்டுப் பெயின்ட் வைத்துவிடுவார்கள். பிறகு திருகு தளர்ந்தால் அந்தப் பொட்டு இரண்டாகப் பிளந்து காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நிறம். சூறாவளிக்கு மஞ்சள்.

அக்கா டார்ச்சை அடித்துப் பார்த்தாள். பிரஷ்ஷைக் கழற்றியவன் கட்டையை மறுபடி ஒழுங்காக முடுக்கியிருந்தான். முடுக்கிய ஒவ்வொரு திருகின் தலையிலும், அளவெடுத்தாற்போல, புத்தம்புதிய நீலப்பொட்டு.

நீலம் கதவுப் பிரிவின் நிறம்.

போனில் சூறாவளி, "என்ன கலர்க்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அவள் துண்டித்துவிட்டுத் திரும்பினாள். ஒல்லி படியில் உட்கார்ந்து, தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எல்லா இடத்துலயுமா?"

"நாலு கட்டடத்துலக்கா."

"பாவி! கழட்டற வேலைக்குக்கூட பொட்டு வெச்சிருக்கியேடா!"

"இறுக்கிட்டு வைக்காம விட மனசு வரலை."

அடிக்க ஓங்கிய கையை அக்கா கைப்பிடிச் சுவரில் அறைந்தாள். கை மரத்துப்போனது. "ஏன்டா?"

"பிரஷ் இருக்கிற வரைக்கும் போன் வராது. போன் வராட்டி நம்ம வரியில ஒண்ணும் ஏறாது. கடைசியில இருக்கிற பிரிவை மூடிடுவாங்கன்னு பேசிக்கிட்டாங்கக்கா. கொஞ்சம் போன் வந்தா, பகுதிக் குழுவால முடியாம கதவு நம்மகிட்ட வரும், நாம ரெண்டு பேரும் ஓடி ஓடிச் சரிபண்ணா, மேசை நமக்கே இருக்கும்னு..." அவன் சட்டை நுனியால் முகத்தைத் துடைத்தான். "பிரஷ் எல்லாம் வீட்டுல பத்திரமா வெச்சிருக்கேன். ஒண்ணும் தொலையலை."

மேசையைக் காப்பாற்றுவதற்காக, அந்த மேசையில் பிறந்ததையே கழற்றி வைத்திருக்கிறான். அக்காவுக்கு அவன்மேல் வந்த கோபம் அவனோடு நிற்கவில்லை. அது அவனைத் தாண்டி, ஆறு மாடி இறங்கி, தெருவைக் கடந்து அந்தத் திரையில் போய் முட்டியது.

தம்பிக்குப் போன் செய்தாள். "உடனே கிளம்பி இங்க வா."

"மீட்டிங்ல இருக்கேன்க்கா."

"அந்த மீட்டிங்கைத் தூக்கி உடைப்புல போடு. வா."

தம்பி ஆறாவது மாடிக்கு வந்து சேர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் சிவந்தது.

"இவனை இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பறேன். ஓடற லிஃப்டை நிறுத்தியிருக்கான்! இது சின்னத் தப்பாக்கா?"

"பெரிய தப்பு. அதுக்கு நான் அவனை உரிக்கப்போறேன், அதை விடு. நீ என்ன கேட்டே அவன்கிட்ட? தினமும் காலையில எல்லாரையும் நிக்க வெச்சு என்ன கேட்டே? போன் கொண்டு வா, போன் கொண்டு வான்னு கேட்டே. கொண்டுவந்து குடுத்துட்டான். வாங்கிக்கோ!"

"நான் உழைப்பை அளந்தேன்க்கா."

"நீ ஓட்டத்தை அளந்தே. ஒரே கதவுக்கு ஒம்பது தடவை போறவன் உனக்கு உழைப்பாளி. ஒரே தடவையில முடிச்சவன் சோம்பேறி. இதை எடுத்துக்கிட்டு ரெண்டு ஊர்ல கிளை வேற திறக்கப்போறியா? அங்கயும் போய் லிஃப்டை நிறுத்தவா?"

"அப்போ போனே வரலைன்னா? ஒருத்தன் நல்லா வேலை செஞ்சதால வரலையா, தூங்கினதால வரலையா, எனக்கு எப்படித் தெரியும்?"

கேள்வி நியாயமானது. நியாயமாக இருந்ததாலேயே அக்காவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அவள் மேல்மாடிச் சுவரிலிருந்த கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள்.

"லிஃப்டையே கேளு. இது ஒரு தடவை கிளம்பினா இதுல ஒரு நம்பர் ஏறும். நின்னுபோனா, எந்த நம்பர்ல நின்னதுன்னு குறிச்சு வைக்கும். ஒரு தடவை நின்னதுக்கும் அடுத்த தடவை நின்னதுக்கும் நடுவுல எத்தனை ஓட்டம்னு பாரு. தூங்கினவன் லிஃப்ட் அடிக்கடி நிக்கும். ஒழுங்காப் பார்த்தவன் லிஃப்ட் ஓடிக்கிட்டே இருக்கும். புதுசா ஒண்ணு பண்ணிப் போட்டேன்னா, அது உதவுதா இல்லையான்னும் இதுவே சொல்லும். அளக்கறதுக்கு நான் எதிரியாடா? அளக்கற டேப்பைத் தப்பான இடத்துல வைக்காதேன்னுதானே கத்தறேன்!"

தம்பி பொத்தானை அழுத்தி ஒவ்வொரு பதிவாகப் பார்த்தான். பிரஷ் இருந்த காலத்தில் எண் ஏறிக்கொண்டே போயிருந்தது, நடுவில் ஒரு பழுதும் இல்லை. கடைசி வாரத்தில் மட்டும் பழுதுமேல் பழுது. அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தான்.

அந்த நேரம் நான்காவது மாடிப் பெண்மணி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்து சேர்ந்தாள். "நீங்கதான் முதலாளியா?"

"ஆமாம்மா. இந்த வாரத்துக்கு முன்னாடி எங்க சர்வீஸ் எப்படி இருந்தது?"

"சர்வீஸா? உங்க ஆளுங்க மூஞ்சியையே நாங்க பார்த்ததில்லையேப்பா. நல்லா இருந்துச்சு. இப்போதான் தினமும் ரெண்டு பேர் வந்து, வணக்கம் சொல்லி, கையெழுத்து வாங்கிட்டுப் போறாங்க. லிஃப்டு மட்டும் ஓட மாட்டேங்குது."

தம்பி பெட்டியின் மூடியைச் சாத்தினான்.

"கேட்டியா?" என்றாள் அக்கா. "இவங்க அளவு அது."

ஒல்லியை என்ன செய்வது என்பதில் அக்காவும் தம்பியும் வீடு வரை சண்டை போட்டார்கள். கடைசியில் அக்கா சொன்னதுதான் நின்றது. கழற்றிய அத்தனை பிரஷ்ஷையும் அவனே தன் கையால் திரும்ப மாட்ட வேண்டும். மாட்டி முடிக்கும் வரை எந்த லிஃப்டிலும் ஏறக் கூடாது, படியில்தான் ஏற வேண்டும். ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, லிஃப்டை நிறுத்தியது நான்தான் என்று சொல்ல வேண்டும். நான்காவது மாடியில் அவன் வாங்கிய வசவு கீழ்த்தளம் வரை கேட்டதாம்.

சில நாள் கழித்துத் திரை மாறியது. ஆட்களின் பெயர்கள் போய், லிஃப்டுகளின் பெயர்கள் வந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் பழுதில்லாமல் ஓடிய ஓட்டம். அக்காவின் ஆறு கட்டடங்களில் இரண்டுதான் மேலே இருந்தன. ஒல்லி கைவைத்த நான்கும் இன்னும் நடுவில்தான் தவித்துக்கொண்டிருந்தன. கடைசி வரியில் சூறாவளியின் பகுதியிலிருந்த ஓர் ஆஸ்பத்திரி லிஃப்ட். லிஃப்டுக்கு எப்படிக் கைதட்டுவது என்று தெரியாமல் எல்லாரும் விழித்துக்கொண்டு நின்றார்கள். தம்பி அக்காவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. மேசை பின்னறையிலேயே இருந்தது; அவள் கோபமும் அங்கேயேதான் இருந்தது.

சூறாவளி பின்னறை வாசலில் வந்து தலையைச் சொறிந்தான். "அக்கா, எனக்கும் ஒரு பை பிரஷ் குடுங்களேன். மானம் போகுது."

"ஒண்ணும் கிடையாது."

"அக்கா..."

"ஆஸ்பத்திரிக் கதவுல என்னடா சிக்குது?"

சூறாவளி யோசித்தான். அந்தக் கதவுக்கு எத்தனையோ முறை பறந்து போயிருக்கிறான். "தெரியலையேக்கா. குத்தி எடுத்துப் போட்டுட்டு அடுத்த போனுக்கு ஓடிடுவேன்."

"போ. மண்டிபோட்டு உட்கார்ந்து, என்ன சிக்குதுன்னு எடுத்துக்கிட்டு வா. மணலா, நூலா, பஞ்சா, எதுன்னு பார்த்துட்டுத்தான் மயிரைத் தேர்ந்தெடுக்க முடியும்."

அவன் மோட்டார் சைக்கிள் சாவியைச் சுழற்றிக்கொண்டே திரும்பினான்.

"மெதுவாப் போடா!" என்று கத்தினாள் அக்கா.