அமரர் ஆன கதை

மாரமங்கலத்தில் வாலிபால் போட்டிச் செலவை யார் ஏற்கிறாரோ, அந்த வருஷம் முழுக்க மைதானத்துக்கு அவர் பெயர். போன வருஷம் அது ‘பொன்னுவேல் காபித்தூள் மைதானம்’. பொன்னுவேல் என் சித்தப்பா மகன். பக்கத்துப் பக்கத்துக் காடு, ஒரே மழை, ஒரே மிளகு. அவன் மட்டும் எப்படியோ காபித்தூள் கடை போட்டுவிட்டான். பஸ் கண்டக்டர் கூட, “பொன்னுவேல் கிரவுண்டெல்லாம் எறங்குங்க” என்று கூப்பிட ஆரம்பித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், இல்லை என்று நான் சொல்லவில்லையே.

இந்த வருஷம் செலவை நான் ஏற்கிறேன் என்று முந்திக்கொண்டேன். என் மனைவி கண்ணாயி வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பொன்னுவேலின் பேனரில் காபித்தூள் பாக்கெட் பெரிதாக இருந்தது, அவன் முகம் மூலையில் இருந்தது. என்னுடையதில் என் முகமும் பெயரும் மட்டும்தான் இருக்க வேண்டும், அவன் பேனரைவிட இரண்டு மடங்கு பெரிதாக. கமிட்டிச் செயலாளர் தினேஷ் அதை அப்படியே சேலத்துப் பேனர் கடைக்குச் சொல்லிவிட்டான்.

எங்கள் மலையில் இறந்தவர் நினைவாகப் போட்டி நடத்துவதுதான் வழக்கம். வெறும் முகத்தைப் பார்த்த கடைக்காரரும் அப்படியே நினைத்துவிட்டார். போட்டியன்று காலை பஸ்ஸில் சுருட்டி வந்த பேனரை அவசரமாகக் கட்டியபோது, என் முகத்துக்கு இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. கீழே, ‘அமரர் சந்திரசேகர் நினைவு மைதானம்’. என்னைத் தெரியாத கிளியூர் அணி வரிசையாக நின்று மௌன அஞ்சலியே செலுத்திவிட்டது.

பொன்னுவேல் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

“அண்ணா, போன வருசத்துப் பேனரு ஊட்டுல இருக்குதுங்க. இன்னிக்கு அதையே கட்டிக்கலாமுங்க.”

பேனரே இல்லாமல் ஆடிவிடலாம் என்றான் தினேஷ். பேனர் இல்லாவிட்டால் எல்லோரும் பழையபடி பொன்னுவேல் மைதானம் என்றுதான் சொல்வார்கள். கட்டியது கட்டியபடியே இருக்கட்டும் என்றேன்.

அப்போதுதான் கண்ணாயி வந்தாள். படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவிழ்க்கச் சொல்லுங்கள் என்றாள். நான் நகரவில்லை.

“ஏனுங்க, உங்க தம்பி பேரு இருக்கறதுக்கு நான் தாலியறுத்து நிக்கறதே தேவலைங்களா?”

அவள் தலையிலிருந்த பூவை எடுத்து, என் படத்துக்குக் கீழே வைத்துவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். அதற்குப் பிறகும் பேனரை அவிழ்க்க நான் சொல்லவில்லை.