பம்ப் நின்ற மத்தியானம்

"அந்த வெள்ளை பிளக்கை மட்டும் தொடாதண்ணா" என்று அபிகாயில் சொல்லி முடிப்பதற்குள் ஜெபகுமார் அதைப் பிடுங்கிவிட்டான். கூடத்தின் பாதியை அடைத்துக்கொண்டிருந்த மீன்தொட்டியில் தண்ணீர் அசையாமல் நின்றுபோனது.

"இன்வெர்ட்டர் தாங்கல அபி. ஐஸ் பாக்ஸைப் போட்டதும் கத்துது. ரெண்டுல ஒண்ணுதான் ஓடும்."

ஐஸ் பாக்ஸுக்குள் அவள் கணவன் ஜாய்சன் கிடந்தான். காலையில் பல் தேய்க்கப் போனவன், வாஷ்பேசின் அடியிலேயே விழுந்துவிட்டான். மகள் ஷெரின் போலந்திலிருந்து வர நாளைக் காலை ஆகும். மேடவாக்கத்து மே மாத வெயில் போதாதென்று, ஒரு மணிக்குத் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. குடியிருப்பின் ஜெனரேட்டர் லிஃப்டுக்கு மட்டும்தான்.

மூன்று வாரமாக ஜாய்சனுக்குப் பம்ப் பைத்தியம். கீழே அலமாரிக்குள் இருக்கும் தொட்டியிலிருந்து தண்ணீரை மேலே ஏற்ற ஒன்று, மேலே அலை அடிக்க இரண்டு. "அட்டையில மணிக்கு மூவாயிரம் லிட்டர்னு போட்டிருப்பான் அபி. நாலடி ஏத்திப் பாரு, பாதிதான் வரும்" என்று சாம்பார் ஆறும்வரை விளக்குவான். தொட்டிக்குள் அவன் வளர்த்த பவள உயிர்களுக்கு நடக்கத் தெரியாதாம். தீனியைத் தண்ணீர்தான் கொண்டுவர வேண்டுமாம். அதற்காக நேராகப் பீய்ச்சினால் சதை கிழிந்துவிடுமாம், மாற்றி மாற்றி அடிக்க வேண்டுமாம். பெற்ற பிள்ளைக்குக்கூட இத்தனை யோசித்ததில்லை என்று அவள் கேலி செய்வாள். கரண்ட் போனால் பேட்டரியில் ஓடும் பம்ப் ஒன்றும் பார்த்து வைத்திருந்தான். "இன்வெர்ட்டர் இருக்கே, அது எதுக்கு தண்டத்துக்கு?" என்று கேட்டு நிறுத்தியவளும் அவள்தான்.

"கொஞ்ச நேரம் இது, கொஞ்ச நேரம் அதுன்னு போடேன்."

"விட்டு விட்டுப் போடக் கூடாதுன்னு பாக்ஸைக் கொண்டுவந்தவன் சொல்லிட்டுப் போனான். ஷெரின் வந்து எந்த முகத்தைப் பாப்பா, சொல்லு."

அண்ணன் சொன்னது நியாயம். அவன்மேல் கோபப்படக்கூட அவளுக்கு வழியில்லை.

மூன்று மணிக்குப் பவளங்கள் சுருங்கிவிட்டன. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. இன்வெர்ட்டர் வாங்குவதற்கு முன் ஒருமுறை கரண்ட் போனபோது ஜாய்சன் குவளையால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினான்; காற்று கலக்குமாம். அவள் எழுந்து போய், உப்புத்தண்ணீர் கலக்க அவன் வைத்திருந்த பிளாஸ்டிக் குவளையை எடுத்து வந்தாள். ஸ்டூல்மேல் ஏறி, மொண்டு மொண்டு ஊற்றத் தொடங்கினாள்.

பாட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த சபைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவரான ஞானசௌந்தரி அருகே வந்து அவள் முழங்கையைத் தொட்டார்.

"பாஸ்டர் வந்துட்டாரும்மா. இப்பப் போய் மீனுக்கு என்ன? வந்து உன் வீட்டுக்காரர் பக்கத்துல உக்காரு."

"நீங்க ஆரம்பிங்க ஆன்ட்டி. நான் இங்கருந்தே கேக்கறேன்."

இந்தப் பெரிய தொட்டிக்கு ஒரு குவளை எந்த மூலைக்கு என்று அவளுக்கும் தெரியும். மஞ்சள் மீன் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள். ஜெபம் முடிந்து பாஸ்டர் கிளம்பிப் போன பிறகும் கரண்ட் வரவில்லை.

போன் அடித்தது. ஷெரின், தோஹா விமான நிலையத்திலிருந்து. இரண்டு பேரும் சிறிது நேரம் அழுதார்கள்.

"அம்மா, அப்பா பக்கத்துலயா இருக்க?"

"ஆமாண்டி."

"ஏம்மா டேங்க் சத்தமே காணோம்? எப்பப் பேசினாலும் அப்பா பின்னாடி கேக்குமே. நிறுத்திட்டீங்களா?"

அபிகாயில் ஸ்பீக்கரைப் போட்டு, போனைத் தொட்டியின் விளிம்பில் வைத்தாள். குவளை நிறைய மொண்டு, கையை முடிந்தமட்டும் தூக்கி ஊற்றினாள்.

"ஓடுதுடி. கேக்குதா?"

"கேக்குதும்மா."

"சரி, வை. பத்திரமா வா."

"வைக்காதம்மா. ஃப்ளைட்டுக்கு இன்னும் நேரம் இருக்கு. நீ பேச வேணாம். போன் அப்படியே இருக்கட்டும், நான் கேட்டுட்டு இருக்கேன்."

அபிகாயில் குவளையை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.